தேருக்கு முன்னாடி தெருச் சுவர்ல படம் வரையுறது எப்படி, அதுக்குள்ள கோவத்தை அடக்குறது எப்படி

மாசி பாதி தாண்டுனதும் எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். அண்ணே தேர் வருது, தெருச் சுவர்ல ஏதாவது வரையணும்னு பசங்க ஆசைப்படுறாங்க, என்ன பெயிண்ட் வாங்குறது, எத்தனை நாள் ஆகும்னு. திருவாரூர்ல மட்டும் இல்ல, மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறைன்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் கேக்குறாங்க, நம்ம டெல்டால வருஷத்துக்கு ஒரு திருவிழா இல்லாத ஊர் ஏது. பெயிண்ட் சமாச்சாரம் எல்லாம் சொல்றேன், ஆனா தெருச் சுவர் வேலை பாதில நின்னுபோறது பெயிண்டால இல்ல, கோவத்தால. நாலு பேர் வெயில்ல நிக்குறோம், போறவங்க வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு கருத்து சொல்றாங்க, அப்ப வார்த்தை தடிக்காம இருக்காது. அதுல நான் ஒரு பெரிய தப்பு பண்ணிருக்கேன், அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

முதல்ல சுவர். ஓனர்கிட்ட வாயால கேட்டா போதும்னு நெனைக்காதீங்க, வெள்ளைத்தாள்ல நாலு வரி எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, என்ன படம், எத்தனை மாசம் இருக்கும்னும் அதுலயே எழுதிடுங்க. குடியிருக்குறவங்க சரின்னு சொன்னா அது போதாது, ஓனர் ஊர்லேர்ந்து வந்து கத்துவாரு, நமக்கும் சுர்ருனு ஏறும், ஆனா நியாயம் அவர் பக்கம் இருக்கும். பள்ளிக்கூடம், தண்ணித்தொட்டி மாதிரி பொதுச் சுவர்னா நகராட்சிலயோ பஞ்சாயத்துலயோ மனு குடுத்துட்டுத்தான் தொடணும், பொது இடத்தை அலங்கோலம் பண்ணக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1959லேர்ந்து சட்டமே இருக்கு. கோயில் மதில் பக்கம் போகவே போகாதீங்க, எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி.

நம்ம பக்கத்து சுவர்ல பெரிய தலைவலி உப்பு. ஆத்துப் பாசன மண்ணு, ஐப்பசி கார்த்திகை மழை வேற, அடிச்சுவர்ல ரெண்டு மூணு அடி உயரத்துக்கு வெள்ளையா பூத்து நிக்கும். அது மேல எந்த கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் கொஞ்ச நாள்ல பொரிஞ்சு வந்துடும். கம்பி பிரஷ் போட்டு சுரண்டி காஞ்ச துணியால துடைச்சு நாலு நாள் விட்டுப் பாருங்க, திரும்ப பூத்துச்சுன்னா அந்த அடிப்பகுதியை விட்டுட்டு மேல வரைங்க, கீழ காவியும் வெள்ளையுமா பட்டை அடிச்சிடலாம், திருவிழாவுக்கு அது பொருத்தமாவும் இருக்கும், வருஷா வருஷம் அதை மட்டும் புதுப்பிச்சா போதும். மேல பழைய சுண்ணாம்பு கைல ஒட்டுதான்னு தடவிப் பாருங்க, ஒட்டுச்சுன்னா சுரண்டணும். அப்பறம் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு வெள்ளை எமல்ஷன். ஆயில் பெயிண்ட் வேணாம், ஈரம் வெளிய வர வழியில்லாம தோல் மாதிரி உரியும். இருக்குற கலரெல்லாம் டப்பா டப்பாவா வாங்கி காசை விடாதீங்க, வெள்ளை எமல்ஷன் ஒரு வாளி, கூட அதுல கலந்து கலர் ஏத்துற ஸ்டெய்னர் நாலஞ்சு, அழுத்தமான சிவப்பும் கருப்பும் மட்டும் ரெடியா சின்ன டப்பா, அவ்வளவுதான்.

படத்தை பெருசு பண்றதுக்கு கட்டம்தான். செல்போன் படத்து மேல கட்டம் போட்டுக்கங்க, அங்க ஒரு கட்டம்னா சுவர்ல ஒரு அடி. நூல்ல கலர்ப் பொடி தடவி ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுத்துப் பிடிக்க, நடுவுல சுண்டிவிட்டா நேர்கோடு விழும், கொத்தனாருங்க பண்ற வேலைதான். ஒவ்வொரு பையனுக்கும் இத்தனை கட்டம்னு ஒதுக்கிக் குடுத்துடுங்க. இதுல ஓவியம் மட்டும் இல்ல விஷயம், என் கட்டத்துல நீ ஏன் கைய வச்சேன்னு ஒரு சண்டை வரும் பாருங்க, அது பாதி குறைஞ்சிடும்.

என்ன வரையலாம்னு தெரியலன்னா திருவாரூர் தியாகராஜர் கோயில்ல இருக்குற தேவாசிரிய மண்டபத்துக்கு ஒரு தடவை பசங்களைக் கூட்டிட்டுப் போய் அண்ணாந்து பாக்க வைங்க. தியாகராஜரை முசுகுந்த சக்கரவர்த்தி இந்திரன்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்த கதை, விதானம் முழுக்க வரிசையா ஓடும், திருவிழாக் கூட்டமும் வாணவேடிக்கையும் கூட அதுல இருக்கு. நம்ம ஊர்ல திருவிழாவை வரைஞ்சு வைக்குறது நேத்து வந்த பழக்கம் இல்லன்னு பசங்களுக்கு தானா புரியும்.

இப்ப என் கதை. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு எழுதுற தொழில் படுத்ததுலேர்ந்தே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கொதி இருந்துச்சு, நாலு நாள் உக்காந்து எழுதுற போர்டை அரை மணி நேரத்துல பிரிண்ட் எடுத்து கட்டிட்டுப் போனா வயிறு எரியாதா. ஏழெட்டு வருஷம் இருக்கும், தெருப்பசங்க ஒம்பது பேரோட ஒரு வாரம் நின்னு 20 அடி நீளத்துக்கு ஆழித்தேர் வரைஞ்சோம், முன்னாடி நாலு குதிரையும் பாயுற மாதிரி. மறுநாள் காலைல டீ குடிக்கப் போறேன், ஒரு பையன் பசை வாளியோட நிக்குறான், குதிரை முகத்து மேலயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மூணு ஒட்டிட்டான், நாலாவது கைல. எனக்கு காது ரெண்டும் சூடானது மட்டும் ஞாபகம் இருக்கு. வாளியை எட்டி உதைச்சேன், போஸ்டரைப் புடிச்சு இழுத்தேன். பசை பாதி காஞ்சிருந்துச்சு போல, பாதி என் கையோட வந்துச்சு, பாதி சுவர்லயே நின்னுச்சு. நின்ன பாதில ஒரு அம்மாவோட ஒத்தைக் கண்ணும் நெத்தில பாதிப் பொட்டும். திரும்பிப் பாக்குறேன், எதிர் திண்ணைல அந்த அம்மாவோட மகன், மொட்டைத் தலையோட. அவரு ஒண்ணுமே சொல்லல. எழுந்து வந்து நான் கீழ போட்ட பாதியை எடுத்து நாலா மடிச்சு துண்டுக்குள்ள வச்சுகிட்டு உள்ள போயிட்டாரு.

அந்த வருஷம் தேரன்னிக்கு எனக்கு வடம் புடிக்க கை வரல. கீழவீதில ஓரமா நின்னுட்டு இருந்தேன், பக்கத்துல தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற பெரியவர் ஒருத்தர். நம்ம பேச்சுல முட்டுக்கட்டைன்னா வேலையைக் கெடுக்குறவன்னு ஆயிடுச்சு, ஆனா தேர் ஓடுற ஊர்க்காரங்களைக் கேளுங்க. ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன்னு சொல்லுவாங்க. 1948-க்கு அப்பறம் ஓடாம நின்னு 1970-ல திரும்ப ஓடுன தேர். திருச்சி பெல் கம்பெனி செஞ்ச இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இருந்தாலும் சக்கரத்துக்குப் பக்கத்துலயே கட்டையோட ஆளுங்க நடந்து வருவாங்க. வேகத்தை குறைக்குறதும் கட்டை, வீதி முனைல திருப்புறதுக்கும் கட்டை. எல்லாரும் கலசத்தைப் பாத்து கும்பிடுறப்ப அவங்க கண்ணு மட்டும் சக்கரத்து மேலயே இருக்கும். அந்தப் பெரியவர் சொன்னாரு, வேகம் எடுத்த பெறகு கட்டை போட்டா கட்டையும் தூளு கையும் போச்சு தம்பி, அசையுறப்பவே போடணும்னு. அவரு தேரைத்தான் சொன்னாரு, எனக்கு வேற எங்கயோ குத்துச்சு.

கோவத்துக்கும் அதேதான். உச்சிக்கு ஏறுன பெறகு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுன்னு சொன்னா எவனாலயும் முடியாது. அசையுறப்பவே கண்டுபுடிக்கணும். ஒவ்வொருத்தர் உடம்புலயும் முதல் அசைவு வேற வேற எடம். எனக்கு காது சூடாகும், என் கூட வரையுற தம்பிக்கு தாடை இறுகும், பேசுறப்ப குரல் மெலியும், சிலருக்கு கை பிரஷ்ஷை அழுத்திப் புடிக்கும், கோடு தடிச்சு விழும். உங்களுக்கு எதுன்னு தெரியலன்னா வீட்ல இருக்குறவங்களைக் கேளுங்க, அவங்களுக்கு நல்லாவே தெரியும். ஒரு வாரம் சின்ன நோட்டுல எழுதி வைங்க, எத்தனை மணிக்கு, யார்கிட்ட, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, முதல்ல உடம்புல எங்க தெரிஞ்சுதுன்னு. நான் எழுதிப் பாத்தப்ப முக்காவாசி மத்தியானம் பன்னெண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவுல, வெறும் வயித்துல. அதுலேர்ந்து எங்க சுவர்ல காலைல 6 லேர்ந்து 10 வரைக்கும், சாயங்காலம் 4-க்கு மேலதான் வேலை. பங்குனி வெயில்ல சுடுற சுவர்ல பெயிண்ட்டும் இழுக்குறதுக்குள்ள காஞ்சு திட்டுத் திட்டா நிக்கும், அதனால வேலைக்கும் அதுதான் நல்லது. பக்கத்துல ஒரு குடம் மோர் எப்பவும் இருக்கணும்.

அசைவு தெரிஞ்சதும் என்ன பண்றதுன்னா, பிரஷ்ஷை தண்ணில போட்டுட்டு சுவரைப் பாத்து திரும்பி நின்னு மூச்சை மெதுவா வெளிய விடுங்க. இழுக்குறதை விட விடுறது நீளமா இருக்கணும், மனசுக்குள்ள நாலு எண்ணி இழுத்தா ஆறு ஏழு எண்ணி விடுங்க, அப்ப இதயத்துடிப்பு தணியும். அஞ்சாறு தடவை பண்ணுனா போதும். கொட்டித் தீத்துட்டா சரியாயிடும், எதையாவது அடிச்சு ஒடைச்சா ஆறிடும்னு நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன், அது சரியில்ல. அமெரிக்கால ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிகாரங்க 154 ஆராய்ச்சிகளை, பத்தாயிரம் பேருக்கு மேல, ஒண்ணா வச்சுப் பாத்து 2024-ல வெளியிட்டாங்க, உடம்பு சூட்டைத் தணிக்குற மூச்சுப்பயிற்சி, தியானம் மாதிரி விஷயம்தான் கோவத்தைக் குறைச்சுது, ஓடுறது மாதிரி படபடப்பை ஏத்துறது குறைக்கல, சிலதுல கூடவும் செஞ்சுதுன்னு. தேருக்கு பின்னாடி புல்டோசர் வச்சு தள்ளிகிட்டே பிரேக் போட முடியுமா?

இன்னொண்ணு, வழில போறவங்ககிட்ட பேசுறதுக்குன்னு ஒரே ஒரு ஆளை வச்சுக்கங்க. குதிரைக்கு வால் சின்னதா இருக்கு, சாமி முகம் சரியில்லன்னு சொல்லிட்டே இருப்பாங்க, வரைஞ்சுகிட்டு இருக்குறவன் பதில் சொன்னா கோடும் கெடும் பேச்சும் கெடும். எங்க செட்டுல ஒரு பொண்ணு இருக்கு, காலேஜ் படிக்குது, சொல்லுங்க தாத்தா எப்படி இருந்தா நல்லாருக்கும்னு கேக்கும், அவரும் சொல்லுவாரு, பாதி நேரம் அவரு சொன்னது சரியாவும் இருக்கும். குடிச்சுட்டு வர்றவங்ககிட்ட மட்டும் யாரும் பதில் பேச வேணாம், அன்னிக்கு வேலையை மூட்டை கட்டிட்டு கிளம்பிடுங்க, சுவர் எங்கயும் போகாது.

போஸ்டர் விஷயத்துக்கு நான் கண்டுபுடிச்ச வழி, சுவரோட ஒரு ஓரத்துல நாலடி காலியா விட்டுடுறது. வெறும் வெள்ளை, சுத்தி ஒரு பார்டர். போஸ்டர் ஒட்டுறவங்களும் தெருக்காரங்கதான், போய் நேர்ல சொல்லிட்டு வாங்க, அண்ணே இது உங்களுக்கு விட்ட எடம்னு. எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்லமாட்டேன், ஆனா எங்க சுவர்ல மூணு வருஷமா குதிரை மேல ஒண்ணும் விழல. அப்படியே விழுந்தாலும் ஒண்ணை நெனச்சுக்கங்க, 1010-ல முடிச்ச தஞ்சாவூர் பெரிய கோயில்ல சோழர் கால ஓவியத்து மேலயே நாயக்கர் காலத்துல காரை பூசி வேற ஓவியம் வரைஞ்சுட்டாங்க. 1931-ல வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபுடிக்குற வரைக்கும் அடில அவ்வளவு இருக்குன்னு வெளிய தெரியாது. தெருச் சுவர்னா மேல ஒண்ணு வரத்தான் செய்யும். முடிச்ச அன்னிக்கே நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வச்சுடுங்க.

எவ்வளவு பாத்தாலும் ஒரு நாள் கை மீறிடும், அப்ப மன்னிப்பு கேக்கத் தெரியணும். நான் அந்த வீட்டுக்குப் போக பதினாறு நாள் எடுத்துகிட்டேன், அது தப்பு, மறுநாளே போயிருக்கணும். போன்லயோ வாட்ஸ்அப்லயோ வேணாம், நேர்ல போங்க, தனியா போங்க. என்ன பண்ணுனீங்களோ அதை அப்படியே சொல்லுங்க, உங்க அம்மா படத்தை கிழிச்சது நான்தாங்க, தப்புன்னு. அதுக்கப்பறம் ஆனான்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நீங்க போனதே வீண், ஆனா நாங்க ஒரு வாரம் கஷ்டப்பட்டு வரைஞ்சோம்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவங்க மன்னிக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. அவரு தண்ணி குடுத்தாரு, உக்காருங்கன்னாரு, அவ்வளவுதான். பசை வாளி பையனுக்கு புது வாளி வாங்கிக் குடுத்தேன், இப்ப அவன் எங்களுக்கு ஏணி புடிக்குறான்.

கோவம் சுவரோட நிக்காம வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க மேல கை நீளுதுன்னா, பாத்திரம் பறக்குதுன்னா, மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. 14416-ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலி மானஸ் இருக்கு, காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டரையும் பாக்கலாம். அடி வாங்குற பொண்ணுங்களுக்கு 181-ன்னு பெண்கள் உதவி நம்பர் இருக்கு, எந்த நேரமும் எடுப்பாங்க.

தேர் நிலைக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் திரும்ப சுவர்கிட்ட கூடுங்க. கூட்டம் சாஞ்ச எடத்துல அழுக்கு பட்டிருக்கும், சோப்புத் தண்ணில ஸ்பான்ஞ்ச் நனைச்சு லேசா ஒத்தி எடுத்தா போதும், தேய்க்காதீங்க. தண்ணி கலக்காத மிச்ச எமல்ஷனை மட்டும் இறுக்க மூடி நிழல்ல தலைகீழா வச்சுடுங்க, மேல ஆடை கட்டாது, மூடில எந்த சுவருக்கு எந்த கலர்னு பேனாவால எழுதிடுங்க, அடுத்த மாசில தேட வேண்டியிருக்காது.