வயர் மாறாமல் இருக்க, பின் (pin) வரைபடத்தை நீங்களே வரையுங்கள்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் உயர்தர (ஏ/எல்) மாணவர்கள் சிலருக்கு மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) பழக்கிவருகிறேன். அவர்களில் ஒருவன் வீட்டு லீக்ஸ் பாத்திக்கு மண் ஈரம் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தான். 5 வோல்ட் கொடுத்ததும் அதிலிருந்த ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்ட் சூடேறிச் செத்தது. கையில் இணையத்திலிருந்து எடுத்த வண்ணப் படம். "சேர், படம் சரிதானே?" என்றான். படம் சரிதான். ஈயம் பற்றவைக்கப் போர்டைக் கவிழ்த்தபோது இடம் வலமாகிவிட்டது, அதை அந்தப் படம் சொல்லவில்லை.

அது 30 பின் (வயர் இணைக்கும் உலோகக் கால்) கொண்ட போர்ட். யூஎஸ்பி வாயைக் கீழே வைத்து மேலிருந்து பார்த்தால் இடது வரிசையின் கடைசிப் பின் விஐஎன், வலது வரிசையின் கடைசிப் பின் 3.3 வோல்ட். இரண்டுக்கும் மேலே ஆளுக்கொரு ஜிஎன்டி (கிரவுண்ட், அதாவது பூச்சிய வோல்ட் பின்). இடம் வலம் மாறினால் ஜிஎன்டி ஜிஎன்டியின் மேலேயே போய் உட்காரும், அதனால் சந்தேகமே எழாது. விஐஎன்னுக்குப் போக வேண்டிய 5 வோல்ட் மட்டும் 3.3 வோல்ட் பின்னுக்குள் நுழையும். அந்தச் சிப் தாங்கும் எல்லை 3.6 வோல்ட். கொழும்பிலிருந்து புதிய போர்ட் பார்சலில் வரும்வரை பையன் சும்மா இருந்தான். அந்த இடைவெளியில் நாங்கள் வரைந்த முறைதான் இது.

முதலில் போர்டைக் கையில் எடுங்கள், படத்தைத் தேடாதீர்கள். பின்களை எண்ணுங்கள். ஈஎஸ்பி32 என்ற ஒரே பெயரில் 30 பின் போர்டும் 38 பின் போர்டும் விற்கின்றன. பரவலாகக் கிடைக்கும் 38 பின் வகையில் 3.3 வோல்ட் பின் ஆன்டெனாப் பக்கம் இருக்கிறது, 5 வோல்ட் பின் யூஎஸ்பிப் பக்கம். ஒன்றின் படத்தை மற்றதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அச்செழுத்து பொடியாக இருந்தால் தொலைபேசிக் கமராவால் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அளவு. பின்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர்தான். அசல் அளவில் வரைந்தால் எழுத்து எறும்பாகிவிடும். மூன்று மடங்காக்குங்கள்: ஒரு பின்னுக்கு 7.62 மில்லிமீட்டர், 15 பின்னுக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். கணினி இருந்தால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். இல்லாவிட்டால் சதுரக்கோட்டுக் கொப்பியும் அடிமட்டமும் போதும். என் வகுப்பில் நன்றாக வந்த படங்களில் பாதி பென்சிலில் போட்டவை. யூஎஸ்பி வாயையும் ஆன்டெனாவையும் மட்டும் தடித்த கோட்டில் போடுங்கள். பார்ப்பவரின் கண் முதலில் தேடுவது தலை எது கால் எது என்பதைத்தான்.

இப்போது முக்கியமான வேலை. ஒரே தாளில் இரண்டு படம் வரையுங்கள். ஒன்றின் தலைப்பில் பெரிதாக "மேலிருந்து", மற்றதில் "அடியிலிருந்து". இரண்டிலும் யூஎஸ்பி கீழ்ப்புறமே இருக்கட்டும். இடமும் வலமும் மட்டும் மாறும். இன்க்ஸ்கேப்பில் படத்தை அப்படியே புரட்டினால் எழுத்தும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். ஆகவே கட்டங்களை மட்டும் புரட்டி, பெயர்களைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் புதிய போர்ட் வாங்குவதைவிட மலிவு.

பெயர் எழுதும்போது ஒவ்வொரு பின்னுக்கும் மூன்றே செய்தி: போர்டில் அச்சிட்ட பெயர், நிரலில் எழுதும் எண், இந்தக் கருவியில் அதன் வேலை. அச்சுப் பெயரும் நிரல் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த 30 பின் போர்டில் விபி என்றிருப்பது 36, விஎன் என்றிருப்பது 39. பழைய நோட்எம்சியூ என்ற போர்ட் இன்னும் குழப்பும்: அதில் டி4 என்றால் ஜிபிஐஓ 2, அதாவது நிரலில் எழுதும் எண் 2. ஈஎஸ்பி32இல் டி4 என்றால் ஜிபிஐஓ 4. இணையப் படங்களில் ஒரு பின்னுக்கு ஏழெட்டு வண்ணப் பட்டைகள் தொங்கும். அவை சிப்பை அறிய உதவும். வயர் செருகும் கைக்கு இடைஞ்சல். பயன்படுத்தாத பின்னுக்கு எண் மட்டும் போதும்.

எச்சரிக்கை தேவைப்படும் பின்களுக்கு அடையாளம் இடுங்கள். வண்ணத்தை நம்பாதீர்கள், போட்டோகொப்பி கடையிலிருந்து வெளியே வரும்போது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். வடிவத்தால் காட்டுங்கள். 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டுமே என்பதால் அவற்றில் ரிலே (பம்ப் போன்றவற்றை இயக்கும் மின் சுவிட்ச்) இயங்காது: உள்நோக்கிய அம்பு. 12இல் மின் கொடுக்கும் நேரத்தில் உயர் மின்னழுத்தம் இருந்தால் போர்ட் துவங்காமல் போகலாம்: முக்கோணம். 38 பின் வகையில் 6 முதல் 11 வரை உள்ளிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை: பெருக்கல் குறி. வைஃபை ஓடும்போது 4, 25, 26, 27 போன்றவற்றில் அனலாக் அளவு (ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் அளவு) எடுக்க முடியாது. வைஃபை சேர்க்கும்வரை ஒழுங்காக வேலை செய்து, பிறகு குப்பையைக் காட்டும் சென்சரைத் தேடித் தேடி ஒரு முழுச் சனிக்கிழமையை இழந்தவன் நான். மண் ஈர சென்சரை 34க்குக் கொண்டுபோங்கள், பம்பின் ரிலேயை 26இல் வையுங்கள். ரிலே அனலாக் இல்லையாதலால் அங்கே தொல்லையில்லை.

வயரின் நிறத்தை வார்த்தையில் எழுதுங்கள், அதுவும் பெட்டியில் உண்மையாகவே இருக்கும் நிறத்தை. சிவப்பு தீர்ந்து 5 வோல்ட்டுக்கு மஞ்சள் போட்டிருந்தால் "மஞ்சள்" என்றே எழுத வேண்டும்.

கடைசியாகச் சோதனை. படத்தை வரைந்தவர் வயர் செருகக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும், அதனால் படத்தின் ஓட்டை தெரியாது. அந்தப் பையன் தன் தங்கச்சியிடம் தாளைக் கொடுத்தான். அவள் தாளையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எந்தப் பக்கம் மேல்?" என்றாள். அப்போதுதான் தாளின் உச்சியில் ஓர் அம்பு சேர்ந்தது. செருகி முடிந்தபின், மின் கொடுக்காமல், மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒவ்வொரு வயரையும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 வோல்ட் வயருக்கும் 3.3 வோல்ட் பின்னுக்கும் இடையே ஒலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நம் மலையில் பனிமூட்டத்துக்குத் தாள் இரண்டு நாளில் அப்பளம் போல நமுத்துவிடும். இரு பக்கமும் ஒளிபுகும் டேப் ஒட்டி, திகதி எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் பதித்துவிடுங்கள். வயர் ஒன்றை மாற்றினால் பழைய தாளில் அடித்தெழுதாமல் புதியதை ஒட்டுங்கள். லீக்ஸ் பாத்திப் பெட்டியில் இப்போது இருப்பது மூன்றாவது தாள்.