பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து அரசுக் கல்லூரிக்கு: அந்த இரண்டு மாதங்கள்

சென்னை வியாசர்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மே மாதம் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளில் சிலரை ஜூலையில் துணிக்கடையில் பார்க்கிறேன். கல்லூரியில் சேரும் அளவுக்கு மதிப்பெண் வாங்கியவர்கள்தான். இடைப்பட்ட நாட்களில் வழி சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் கைபேசி எண். என் மாணவி ஒருத்தி விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்தாள். கலந்தாய்வுக்கு வரச் சொன்ன செய்தி அந்த எண்ணுக்குத்தான் போனது. அவர் லாரியோடு வெளியூரில் இருந்தார், ரீசார்ஜும் முடிந்திருந்தது. கலந்தாய்வு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அழக்கூட இல்லாமல் என் முன் நின்றாள். வீட்டோடு இருப்பவரின் எண்ணைக் கொடுங்கள், சேர்க்கை முடியும்வரை அதை மாற்றாதீர்கள். தரவரிசைப் பட்டியலைக் கல்லூரியின் இணையதளத்தில் நீங்களே தினமும் பாருங்கள்.

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் தேர்வு முடிந்ததுமே இ-சேவை மையத்தில் கேட்டு வாங்குங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. இதற்கு மேல் தனியார் கடையில் நூறும் இருநூறும் கொடுக்க வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் அமைக்கும் உதவி மையத்துக்குப் போங்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பிள்ளைகள் தவறிவிடுகிறார்கள். எல்லோரும் பி.காம். கேட்கிறார்கள். பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். இது பலருக்குத் தெரிவதே இல்லை. நான்கு பாடங்களிலும் சுமாராக வாங்கிய ஒருத்தி தமிழில் 91 எடுத்திருந்தாள். தமிழ் இலக்கியத்தையும் சேர்த்துப் போடச் சொன்னேன். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

ஒரு பாடத்தில் தவறியிருந்தால் துணைத் தேர்வு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேரலாம்; தரமணியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பஸ் பாஸையும் அப்போதே கேளுங்கள்.

கலந்தாய்வு நாளில் அசல் சான்றிதழ்கள், இரண்டு ஜெராக்ஸ் செட், புகைப்படங்கள், கட்டணத்துக்குப் பணம் எல்லாம் கையில் இருக்கட்டும். அம்மா அன்று வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், தெருவில் கல்லூரிக்குப் போன அக்கா யாரையாவது முந்தின நாளே கேட்டு வையுங்கள்.