டாக்வுட் நடுவது எப்படி: அடித்தண்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும்

டாக்வுட் கன்று வாங்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். கார்னஸ் ஃபுளோரிடா என்னும் இந்த மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆண்டு முழுதும் வெப்பமாக இருக்கும் ஊருக்கு இது தோதான மரமல்ல.

காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்வது என்பதால் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமே சரி. முழு நிழலில் பூ குறையும். மண் லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள்.

இலை உதிர்ந்த பிறகோ, வசந்தத்தில் மொட்டு விரியும் முன்போ நடலாம். அப்புறம் குழி. இங்கேதான் பலருக்கும் மரம் போகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தண்டு கீழே வரவர அகலமாகி வேராகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அது மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தொட்டியில் இருக்கும் மண்மட்டத்தை நம்பாதீர்கள். நான் வாங்கிய கன்றில் நர்சரியிலேயே தண்டின் மேல் நான்கு விரல் உயரத்துக்கு மண் ஏறியிருந்தது. விரலால் மெல்ல விலக்கிக்கொண்டே போனபோதுதான் தண்டு விரிந்து முதல் வேர் பக்கவாட்டில் ஓடுவது தெரிந்தது. அப்படியே நட்டிருந்தால் பட்டை எப்போதும் ஈரத்திலேயே இருந்து அழுகத் தொடங்கியிருக்கும். தண்டைச் சுற்றி வளையமாக ஓடும் வேர் இருந்தால் வெட்டிவிடுங்கள், பின்னாளில் அதுவே மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் குழிக்கு ஆழம் வேண்டாம். அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், ஏனென்றால் டாக்வுட்டின் வேர் மேலாகவே பரவும். குழி தோண்டும் இயந்திரத்தைவிட எனக்கு மண்வெட்டிதான் பிடிக்கும். இயந்திரம் களிமண்ணில் குழியின் சுவரை வழவழவென்று இறுக்கிவிடுகிறது, வேர் அதைத் துளைத்துப் போகச் சிரமப்படும். குழிக்குக் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்துப் பார்த்தால் உயரம் சரியா என்று உடனே தெரியும். களிமண்ணாக இருந்தால் ஒன்றிரண்டு அங்குலம் தூக்கியே நடுங்கள். தோண்டிய அதே மண்ணைத் தள்ளி மூடி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

மேலே மரப்பட்டைத் துண்டுகளால் இரண்டு முதல் நான்கு அங்குல மூடாக்கு. ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. மூடாக்கைக் குவித்துத் தண்டில் அணைப்பதும் ஆழமாக நடுவதும் ஒன்றேதான். இந்த வட்டத்துக்குள் புல் வளர விடாதீர்கள். புல்வெட்டும் இயந்திரம் பட்டையில் உரசிய காயத்தில்தான் தண்டுத்துளைப்பான் முட்டையிடும். அதன் புழு பட்டைக்கடியில் தின்றுகொண்டே போகும்.

மழையில்லாத வாரங்களில் ஓரங்குல அளவுக்குத் தண்ணீர் தேவை. மேலே தெளிக்காமல் கசிவுக் குழாயைத் தரையில் போடுங்கள். இலை நனைந்தே இருந்தால் நோய் வரும். கோடையில் இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் பெரும்பாலும் தண்ணீர்க் குறைதான். முதல் ஆண்டில் உரமே வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் வரும், பூ தள்ளிப்போகும்.

நோயைப் பொறுத்தவரை, மருந்து அடிப்பதைவிட வகையைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பேன். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் கவனத்துக்கு வந்த ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் ஏராளமான டாக்வுட்களைக் கொன்றது. அதைத் தாங்கும் வகை 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. சாம்பல் நோய் அதிகமான இடத்தில் 'அப்பலாச்சியன் ஜாய்' நன்றாக நிற்கும். இரண்டும் வேண்டாமென்றால் ஆசியாவின் கௌசா டாக்வுட் இருக்கிறது. இலை வந்த பிறகு பூக்கும், நோய்த் தொல்லை குறைவு.

பின்சேர்க்கை: மரம் நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். முதலில் கவாத்து செய்யும் காலத்தைப் பாருங்கள். அடுத்த வசந்தத்துக்கான மொட்டு கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். வெட்ட வேண்டியிருந்தால் பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள், காய்ந்த கிளையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இலை உதிர்ந்ததும் கிளை நுனிகளைப் பாருங்கள்: சிறு காம்பின் மேல் சட்டைப் பித்தான் போல உருண்டு தட்டையாக இருப்பது பூமொட்டு, ஒல்லியாகக் கூர்ந்திருப்பது இலைமொட்டு. எல்லாமே கூராக இருந்தால் அந்த வசந்தத்தில் பூ இல்லை. விதையிலிருந்து வளர்த்த கன்று பூக்க 5 முதல் 7 ஆண்டுகூட ஆகும். ஒட்டுக்கன்று அதற்கு முன்பே பூத்துவிடும்.