அரை ஏக்கரில் மானுக்கு விதைக்கும்போது

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15-ல் தொடங்கும். மானை வரவழைக்கப் பயிர் வைப்பவர் விதை வாங்கும்போது மனதில் இருக்க வேண்டியது அந்தத் தேதிதான். ஆனால் வசந்த காலத்தில் கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெரிய கொம்புக்கார மான் படம் போட்ட பை. தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மான் மேய வரட்டும் என்பதற்காகவே காட்டோரத்தில் வைக்கும் பயிரை அங்கே ஃபுட் பிளாட் என்கிறார்கள். பலருக்கும் கால் ஏக்கர், அரை ஏக்கர்தான் இருக்கும். நம் கணக்கில் 25, 50 சென்ட். இவ்வளவு சின்ன நிலத்தை வெயிலும் மழையும் கெடுப்பதைவிட மானின் வாய் அதிகம் கெடுக்கும். வளர்ந்த வெள்ளைவால் மான் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தழை தின்னும். மான் அதிகம் உள்ள இடத்தில், பத்து மான் இரவு தவறாமல் வந்தால் என்ன மிஞ்சும்?

இதை யோசிக்காமல் சோயா விதைப்பதுதான் பெரிய தவறு. மானுக்குச் சோயா இலை என்றால் உயிர். முளைத்த செடியை விதையிலைக்குக் கீழே கடித்துவிட்டால், மறுபடி துளிர்க்க அதில் மொட்டே இருக்காது. பல ஏக்கர் விதைத்தவருக்கு அது ஓரத்து நஷ்டம். அரை ஏக்கர்க்காரருக்கு ஜூலையிலேயே நிலம் மொட்டை. மின்வேலி போட முடியாதென்றால் சோயாவை மறந்துவிடலாம். வெள்ளைக் குளோவர் என்ற மூன்றிலைத் தீவனச்செடி அப்படியல்ல. அதன் தண்டு தரையோடு படர்வதால், மேலே மேய மேயத் துளிர்க்கும். ஓட்ஸ், கோதுமை, ரை போன்ற தானியப் பயிர்களுக்கும் இளம்பருவத்தில் குருத்து அடியில்தான் இருக்கும். சின்ன நிலத்துக்கு விதை தேர்வு செய்யும்போது முதல் கேள்வி இதுதான்: கடித்த பிறகு வளருமா?

அடுத்தது, பத்துப் பன்னிரண்டு விதை கலந்த பையை மொத்தமாகத் தூவுவது. ஓட்ஸ் விதை ஓர் அங்குல ஆழம் கேட்கும். குளோவர் விதையோ ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 450 கிராம்) ஏழு லட்சத்துக்கும் மேல் இருக்கும் பொடி. கால் அங்குலத்தைத் தாண்டினால் மேலே வராது. ஒரே ஆழத்தில் போட்டால் இரண்டில் ஒன்று வீண். களைக்கொல்லிச் சிக்கலும் உண்டு: புல்லைக் கொல்லும் மருந்து தானியத்தையும் கொல்லும், அகலிலைக் களைக்கான மருந்துகள் பலவும் குளோவரையோ டர்னிப் கிழங்குப் பயிரையோ கொல்லும். எல்லாம் கலந்து கிடந்தால் எதையும் அடிக்க முடியாது.

பையின் பின்பக்கச் சீட்டைப் பலர் படிப்பதே இல்லை. அமெரிக்காவில் 1939-ம் ஆண்டு விதைச் சட்டப்படி தூய்மை, முளைப்புத் திறன், களை விதை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தூய்மை 60 சதவீதம், முளைப்பு 85 என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: காசு கொடுத்ததில் முளைக்கப்போவது 51 சதவீதம். மீதியில் பெரும்பகுதி விதைமேல் தடவிய பூச்சாக இருக்கலாம். மலிவுக் கலவையில் ரைகிராஸ் நிறைய இருக்கும். பெயரில் ரை இருந்தாலும் அது ரை தானியமல்ல, புல். சீக்கிரம் பச்சை காட்டும். அப்புறம் தானே விதை கொட்டிப் பல வருடம் போகாது. களை விதைக் கலப்பையும் லேசாக எடுக்காதீர்கள். அயோவாவிலும் மினசோட்டாவிலும் 2016-ல் பாமர் அமராந்த் என்ற கொடிய களை, நிலப் பாதுகாப்புக்காக விற்ற விதைக் கலவைகளின் வழியாகவே நிலங்களுக்குள் வந்தது. நம் முளைக்கீரைக்கு உறவுதான், ஆனால் குணம் வேறு.

டர்னிப், அதன் உறவான ரேப் (கடுகு இனம்) வகைகளை அடர்த்தியாக விதைப்பதும் வேலைக்காகாது. ஏக்கருக்கு ஐந்து பவுண்டு போதும். கூடினால் கிழங்கு திரளாது, கூட விதைத்த குளோவரும் நிழலில் சாகும். பழக்கமில்லாத இடத்தில் முதல் வருடம் மான் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

மண் பரிசோதனை பற்றிச் சொல்ல அதிகமில்லை: அமில மண்ணென்றால் சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதனால் விதைக்கு முன்பே செய்யுங்கள். மரநிழல் விழும் இடமென்றால் குளோவரோடு கொஞ்சம் சிக்கரி சேர்க்கலாம். நம் ஃபில்டர் காபியில் கலக்கும் அதே சிக்கரிதான். ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கும்.

மிஷிகன் போன்ற இடத்தில் அரை ஏக்கருக்கு என் தேர்வு எளிமையானது: ஆகஸ்ட் கடைசியில் ரை தானியம் 25 பவுண்டு, ஓட்ஸ் 25 பவுண்டு தூவி மண்ணால் மூடி, அதன்மேல் வெள்ளைக் குளோவர் நான்கு பவுண்டு போட்டு உருளையால் அழுத்துவது. ஓட்ஸ் அக்டோபரில் மானை இழுத்துவிட்டுக் கடும் உறைபனியில் மடியும். ரை பனிக்காலத்திலும் பச்சையாக நிற்கும். மறு வருடம் ரையை வெட்டிவிட்டால் நிலம் குளோவருடையது. கலவைதான் இதுவும், ஆனால் ஒன்று போகும்போது இன்னொன்று வரும்.

விதைத்த அன்றே நடுவில் ஒரு சின்னக் கம்பிக்கூண்டு நட்டுவையுங்கள். அக்டோபரில் கூண்டுக்குள் முழங்கால் உயரமும் வெளியே விரல் உயரமும் இருந்தால், பயிர் நன்றாகத்தான் வந்திருக்கிறது, மான்தான் தின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் விரல் உயரம்தான் என்றால் மண்ணையோ விதையையோ பார்க்க வேண்டும்.