அடீனியம் மெத்தென்று ஆகிவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் அடீனியம் (பாலைவன ரோஜா) வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே புலம்பல்: "அடித்தண்டு அமுங்குது, தினமும் தண்ணி ஊத்துறேன், இன்னும் மோசமாத்தான் ஆகுது." வெயில் வேண்டும், தொட்டியில் துளை வேண்டும் என்பதை நர்சரியிலேயே சொல்லி அனுப்புவார்கள். அங்கே சொல்லாமல் விட்ட தவறுகளைப் பார்ப்போம்.

அழுகலைத் தாகம் என்று நினைப்பது

சகாராவுக்குத் தெற்கிலும் அரேபியாவின் தென்பகுதியிலும் வறண்ட பாறை நிலத்தில் வளரும் செடி இது. பருத்த அடித்தண்டுதான் அதன் தண்ணீர்க் குடம். அது மெத்தென்று ஆகத் தாகமும் காரணமாகலாம், அழுகலும் காரணமாகலாம். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்.

தாகமென்றால் தண்டு முழுக்கக் காற்றிறங்கிய பந்துபோல ஒரே சீராக அமுங்கும், தோல் சுருங்கும், வாடை இருக்காது. ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுத்தால் மண் ஒட்டாது. துளை வழியே வடியும்வரை ஒருமுறை நீர் விட்டால் சில நாளில் இறுகிவிடும்.

அழுகலென்றால் ஒரு பக்கம் மட்டும் விரல் உள்ளே போகும். பழுப்பு நீர் கசியும், நாறும், குச்சியில் ஈரமண் ஒட்டிவரும். ஆனால் தொடக்கத்தில் இந்த அடையாளங்கள் மண்ணுக்குள் மறைந்திருக்கும். வேர் அழுகிவிட்டால் சுற்றிலும் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. இலை மஞ்சளாகி உதிரும், தண்டு சுருங்கும். பார்க்கத் தாகம்போலவே இருக்கும். இரக்கப்பட்டு இன்னொரு குவளை ஊற்றுவார்கள். பல வருடம் வளர்ந்த செடி ஒரு வாரத்தில் கூழாகிவிடும். ஓர் ஈர்க்குச்சியில் பிழைத்திருக்க வேண்டிய செடி இப்படிப் போவதை இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அழுகல்தான் என்று தெரிந்தால் அன்றே பிடுங்குங்கள். வேரைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெளிர் சதை தெரியும்வரை சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடையுங்கள். கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்தாலும் அங்கிருந்தே மறுபடி பரவும். வெட்டில் பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தடவி, மழைச்சாரல் படாத நிழலில் 7 முதல் 10 நாள் தொங்கவிடுங்கள். காயம் தோல்போல உலர்ந்ததும் காய்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்தே நீர் விடுங்கள்.

நர்சரி மண்ணோடே விடுவது

பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளில்தான் தருவார்கள். மேலே காய்ந்தாலும் வேர்ப்பந்தின் நடுவில் ஈரம் நிற்கும். அதை உதறிவிட்டு, பரும்மணல் 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் ஜல்லி 2 பங்கு, மக்கிய சாணம் 1 பங்கு கலந்து நடுங்கள். மணலையும் ஜல்லியையும் சலித்து மாவுத்தூளை நீக்குவது முக்கியம். அதுதான் அடியில் சேறாகப் படியும்.

தேவைக்கு மீறிய தொட்டி

தண்டைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலம் போதும்.

மேலே வெள்ளைக் கூழாங்கல்

வேண்டாம். ஈரம் தெரியாது.

மழையில் கவாத்து

வெட்டிய நுனியில் நீர் இறங்கிக் கிளை அழுகும். மாசியில் வெட்டுங்கள். பூ புதுத் தளிர் நுனியில்தான் வரும் என்பதால் வெட்டத் தயங்க வேண்டாம். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

வெறுங்கையால் வெட்டுவது

இதன் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையுறை போடுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய கிளையை ஆடுமாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள்.