எம்பிஏ அறிமுகக் கூட்டத்துக்குப் போகிறீர்களா?

கோவை அவிநாசி ரோட்டில் எம்பிஏ அறிமுகக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், திரையில் காட்டும் அதிகபட்ச சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சராசரியும் போதாது, இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள்; அதாவது எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் தொகை. பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் 6 லட்சம் என்றால் சராசரி 9.4 லட்சம் ஆகிவிடும். இடைநிலை 6 லட்சம்தான். உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அநேகமாக அதுதான்.

கேட் (CAT), டான்செட் (TANCET) நுழைவுத் தேர்வுகளில் எதை ஏற்பார்கள் என்பது கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும். அப்புறம், காபி நேரத்தில் பழைய மாணவர்களிடம் பேசுங்கள். திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியைக் கவனிக்கப் போகிறவர், படித்துவிட்டுக் குடும்பத் தொழிலுக்கே திரும்பியவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னால், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று கிளம்பிவிடுங்கள்.