ஒரு தண்டனை நியாயமா இல்லையான்னு எப்படி பாக்குறது

கொடூரமான ஒரு குற்றம் நியூஸ்ல வந்தா முதல்ல வர்றது கோவம்தான், அது இயல்பு, அடக்கிக்கோங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா "உள்ள போட்டு நாறடிங்க"ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி சில கேள்விகளை கேட்டுப் பாருங்க.

முதல்ல, உள்ள இருக்கறவர் மேல குற்றம் நிரூபணம் ஆயிடுச்சா? உலகம் முழுக்க ஜெயில்ல இருக்கறது 1 கோடிக்கும் மேல, அதுல சுமாரா மூணுல ஒருத்தர் விசாரணைக் கைதி. ஜாமீனுக்கு பணம் இல்லங்கற ஒரே காரணத்துக்காக உள்ள கிடக்கறவங்களும் இதுல உண்டு. இவங்க விஷயத்துல தண்டனைங்கற பேச்சே இன்னும் ஆரம்பிக்கல.

அடுத்து, இந்த தண்டனை எதுக்காகன்னு ஒரே வரியில எழுதிப் பாருங்க. பழிக்குப் பழியா, மத்தவங்க பயப்படறதுக்கா, இவர்கிட்ட இருந்து மக்களை காப்பாத்தவா, இல்ல இவரு திருந்தறதுக்கா? நாலையும் ஒண்ணா கலக்கும்போதுதான் விவாதம் குழம்புது. பயம்னு எழுதினீங்கன்னா, இத்தாலிக்காரர் செசாரே பெக்காரியா 1764லயே சொல்லிட்டாரு, தண்டனையோட கொடுமைய விட மாட்டுவோம்ங்கற நிச்சயம்தான் ஆளை தடுக்கும்னு, அப்ப வருஷத்தை கூட்டறத விட கேஸை ஒழுங்கா கண்டுபிடிக்கறதுதான் வேலை. பாதுகாப்புன்னா, ஆபத்து இருக்கற வரைக்கும்தான் அந்தக் காரணம் செல்லும். நார்வேல ரொம்ப ஆபத்தானவங்களுக்குன்னு ஒரு தனி வகை தண்டனை இருக்கு, பெரும்பாலான குற்றங்களுக்கு முதல்ல அதிகபட்சம் 21 வருஷம், அப்பறமும் ஆபத்துன்னு கோர்ட் நினைச்சா மட்டும் நீட்டிக்கலாம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது மூணாவது கேள்விதான்: ஜட்ஜ் எழுதினது என்ன, உள்ள நடக்கறது என்ன? தீர்ப்புல இருக்கறது இத்தனை வருஷம் சுதந்திரம் கிடையாதுங்கறது மட்டும்தான். அடி, அழுகின சாப்பாடு, மருந்து கிடைக்காத காசநோய், திரும்பிப் படுக்க இடமில்லாத செல், சக கைதி பண்ற பாலியல் கொடுமை, இதையெல்லாம் எந்த ஜட்ஜும் எழுதல, யாரும் உத்தரவே போடாத தண்டனை இது. ஐநா சபை 2015ல ஏத்துக்கிட்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதைத்தான் சொல்லுது, வெளி உலகத்துல இருந்து பிரிச்சு வைக்கறதே வேதனைதான், அந்த வேதனைய சிறை மேலும் கூட்டக்கூடாது.

இதை வச்சு எந்த ஜெயிலையும் சோதிக்கலாம். எத்தனை பேருக்கு கட்டினது, இப்ப எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. கலிபோர்னியால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆளை அடைச்சு, மருத்துவமே கிடைக்காம கைதிங்க செத்து, கடைசில 2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே கைதிங்க எண்ணிக்கைய குறைக்கற உத்தரவு சரின்னு சொல்ல வேண்டியதா போச்சு. தனிமைச் சிறை உண்டா, எத்தனை நாளுன்னு கேளுங்க. ஒரு நாள்ல 22 மணி நேரமோ அதுக்கு மேலயோ அர்த்தமுள்ள மனுஷ தொடர்பு இல்லாம வைக்கறதுதான் தனிமைச் சிறை, அது தொடர்ந்து 15 நாளை தாண்டக்கூடாதுங்கறது அந்த மண்டேலா விதிகள்லயே இருக்கு. அப்பறம் டாக்டர், குடும்பத்தோட பேசற வசதி, சிறைத்துறைக்கு கட்டுப்படாத ஆளுங்க சொல்லாம கொள்ளாம உள்ள போய் பாக்க முடியுமாங்கறது. கடைசியா சொன்னது இல்லன்னா மத்த எதுக்கும் அவங்க தர்ற பதிலை நம்பாதீங்க.

"வெளிய ஏழைக்கே நல்ல வைத்தியம் இல்ல, கைதிக்கு எதுக்கு"ன்னு கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு. ஏழைக்கு கிடைக்காதது பெரிய அநியாயம், அதுக்கும் சேர்ந்தே சண்டை போடணும், ஆனா வெளிய இருக்கறவரு வேற ஆஸ்பத்திரி தேடி நடக்கலாம், கதவைப் பூட்டின பிறகு கைதியால அது முடியாது, சாவி யார் கையில இருக்கோ பொறுப்பும் அவங்களோடதுதான். "பாதிக்கப்பட்டவங்களை நினைச்சீங்களா"ன்னு கேட்டா, நினைக்கணும், கேஸ் சீக்கிரம் முடியணும், இழப்பீடு வரணும், மிரட்டல் இல்லாம வாழணும், இதெல்லாம் அவங்களுக்கு வேணும். கைதிக்கு சொறி வர்றதால இதுல எதுவும் கிடைக்காது.

சிறையில ஒருத்தர் செத்துட்டார்னு செய்தி வந்தா, அவர் என்ன குற்றத்துல உள்ள போனார்னு தேடறதுக்கு முன்னாடி, அந்த சிறை நிர்வாகத்துக்கு வெளிய இருக்கற யாராவது விசாரிக்கறாங்களா, பிரேதப் பரிசோதனை அறிக்கை குடும்பத்துக்கு கிடைச்சுதா, சிசிடிவி பதிவு பத்திரமா இருக்கான்னு கேளுங்க.